வியன்னால இதைவிடப் பெருசு

"வியன்னால இதைவிடப் பெருசு, அன்னம்!"

மாவுக்குள் மீன் அடைத்துப் பொரித்த பற்றிஸைப் பார்த்துக்கொண்டே வேதவல்லி சொன்னாள். சந்தையைச் சொல்கிறாளா, பற்றிஸைச் சொல்கிறாளா என்று அன்னமலருக்கு விளங்கவில்லை.

கிரெய்கிபர்ன் பூங்காவில் கிறிஸ்மஸ் சந்தை. இந்த நாட்டில் டிசம்பர்தான் கோடை; மாலை ஆறு மணிக்கும் முப்பத்தேழு டிகிரி வெயில். கிறிஸ்மஸ் தாத்தா தாடியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார்.

அன்னமலர் கடை போட்டு இது மூன்றாவது சனிக்கிழமை. முதல் இரண்டு சனியும் பற்றிஸ் அப்படியே வீட்டுக்குத் திரும்பிவந்தது. அவளும் கணவன் பொனிபஸும் புதன்கிழமை வரை தின்று தீர்த்தார்கள். இன்றைக்கும் ஆள் வராவிட்டால் அடுத்த சனி இடமில்லை என்று சந்தையை நடத்தும் லிண்டா சொல்லிவிட்டாள். தொழிற்சாலை வேலை போனபிறகு அன்னமலர் துணிந்து தொடங்கிய ஒரே காரியம் இதுதான்.

இந்த நேரம் பார்த்துத்தானா பக்கத்து வீட்டு வேதவல்லி வந்து கடையை மறித்துக்கொண்டு நிற்கவேண்டும்!

வேதவல்லியும் கணவர் வரதராஜனும் ஒவ்வொரு டிசம்பரும் ஏதாவதொரு நாட்டுக் கிறிஸ்மஸ் சந்தைக்குப் பறந்துவிடுவார்கள். வேதவல்லியின் முழங்கால் வலியால் இந்த வருடம் மட்டும் பயணம் இல்லை.

"உள்ள என்ன வச்சிருக்கே?"

"மீன், அக்கா."

"ஐயய்யோ, நாங்க சைவமாச்சே!"

"தெரியும் அக்கா."

"சரி, எப்படிப் பண்றேன்னு சொல்லு."

சைவம் என்றால் நகரவேண்டியதுதானே? நகரவில்லை. மீனை அவிப்பதா, வதக்குவதா? மிளகு எவ்வளவு? வாங்காதவளுக்கு எதற்கு இத்தனை விசாரணை? அன்னமலர் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னாள்.

அதற்குள் வெள்ளைக்காரத் தம்பதியர் வேதவல்லிக்குப் பின்னால் வந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் தள்ளுவண்டியோடு ஒரு தாய்.

"ஐ ஆம் ஸ்டில் திங்கிங். யூ கோ ஃபர்ஸ்ட்" என்று அவர்களை முன்னால் விட்டுவிட்டு, வேதவல்லி வரிசையின் கடைசிக்குப் போனாள்.

வந்தவர்கள் வாங்கினார்கள். ஒருவர் கடித்துப் பார்த்துவிட்டு இன்னும் நாலு கேட்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடி வேதவல்லி.

"ஸ்ட்ராஸ்பர்க்ல பார்க்கணும் நீ. அப்படியே பனி கொட்டும்..."

"அக்கா, உங்களுக்கு என்ன வேணும்?"

"அதான் யோசிக்கிறேன்."

மறுபடி கடைசி. மறுபடி முன்னால். அன்னமலருக்கு வியர்வையும் கோபமும் சேர்ந்து வழிந்தன. பின்னால் பொரித்துக்கொண்டிருந்த பொனிபஸிடம் முணுமுணுத்தாள்.

"இஞ்ச பாருங்கோ, இந்த மனுசி வாங்கவும் மாட்டா, விடவும் மாட்டா. எங்கட யாவாரத்தைக் கெடுக்கத்தான் வந்து நிக்கிறா."

பொனிபஸ் எண்ணெய்த் தாச்சியிலிருந்து தலை நிமிரவில்லை. "பேசாமப் பற்றிஸைக் குடும். சனம் நிக்குது."

ஆறாவது தடவையும் வேதவல்லி முன்னால் வந்து "வியன்னால..." என்று தொடங்கியதும் அன்னமலருக்குப் பொறுமை போய்விட்டது.

"அக்கா! வாங்கிறதெண்டா வாங்குங்கோ. இல்லாட்டி வழியை விடுங்கோ. பின்னால எவ்வளவு சனம் நிக்குது!"

வேதவல்லியின் முகம் சுருங்கியது. பிறகு திரும்பி வரிசையை ஒருமுறை பார்த்தாள்.

"ஆமா, நிறையத்தான் நிக்குது. நான் வர்றேன்மா" என்று நொண்டி நொண்டி நகர்ந்துவிட்டாள்.

ஏழரை மணிக்குத் தட்டில் ஒரு பற்றிஸ்கூட மிச்சமில்லை. லிண்டா வந்து பார்த்து, "அடுத்த சனியும் இந்த இடம் உனக்குத்தான்" என்றாள். அன்னமலருக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில் மனம் இளகியது. கடையோரம் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த வரதராஜனிடம் போனாள்.

"அண்ணை, அக்காவோட கொஞ்சம் கோவமாக் கதைச்சுப்போட்டன். ஒண்டும் வாங்காமச் சும்மா நிண்டவ, அதுதான்..."

வரதராஜன் சிரித்தார்.

"எட்டு நாட்டுச் சந்தை பார்த்தாச்சு. ஒரு மெழுகுவத்திகூட வாங்கினதில்ல. ஸ்ட்ராஸ்பர்க்ல ஒரு தடவை இவ குளிர் தாங்காம, ஈ ஓட்டிக்கிட்டிருந்த ஒரு கடையோரமா ஒதுங்கினா. இவ நிக்கறதைப் பார்த்து, பின்னாடி நாலு பேர் வந்து நின்னுட்டாங்க. அந்தக் கடைக்காரம்மாவுக்கு வந்த சிரிப்பைப் பார்த்தா பாருங்க, அன்னிலேருந்து இவளுக்கு இதே வேலை. எந்த ஊர் போனாலும் ஆளில்லாத கடையாத் தேடிப் போய் நிப்பா."

"முழங்கால் வலியோடயா?"

"நானும் நாற்காலியைக் குடுத்துப் பார்த்தேன். உக்காந்தா கியூ வராதுங்கறா."

அன்னமலர் எட்டிப் பார்த்தாள். நாலு கடை தள்ளி, ஒரு வயதானவர் இந்த வெயிலில் கம்பளித் தொப்பி விற்றுக்கொண்டிருந்தார். அவர் முன்னால், ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டபடி வேதவல்லி. பின்னால் ஒரு ஈ காக்கைகூட இல்லை.

"அண்ணை, ஒருக்கா எழும்புங்கோ."

வரதராஜன் எழுந்ததும் கதிரையைத் தூக்கிக்கொண்டு அன்னமலர் விறுவிறுவென்று நடந்தாள். அதை வேதவல்லிக்குப் பின்னால் வைத்து, அவள் தோளைப் பிடித்து அமர்த்தினாள்.

"என்ன அன்னம், தொப்பி வாங்கப் போறியா?"

"நீங்க இருங்கோ அக்கா. இனி நான் நிண்டு யோசிக்கிறன்."