கதவைச் சாத்திவிட்டு

“லேண்டன், கோச் உன்னைக் கூப்பிடறாரு.”

உடைமாற்றும் அறையில் பேச்சு நின்றது.

ஒருவனும் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. கூப்பிடப்பட்டவனைப் பார்த்தால் அது தனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று அந்த அணியில் எல்லோருக்கும் ஒரு பயம். சரியாகக் கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்கள்.

அறைத்தோழன் டெஷான் மட்டும் வாயைத் திறந்தான். “டேய், உன்னை வீட்டுக்கு அனுப்பினா அந்த டேபிள் ஃபேன் எனக்குத்தான், சொல்லிட்டேன்.”

புளோரிடா வெயிலில் ஐந்து பேர் படுக்கும் அறையில் அந்த ஒரு ஃபேன்தான். யாரோ சிரித்தார்கள். லேண்டனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணனைப் போலவே, பள்ளிப் படிப்பு முடிந்த வாரமே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவன் அவன். கான்சாஸில் அவன் ஆடும்போது வலைக்குப் பின்னால் தேர்வாளர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். இங்கே, பேஸ்பாலின் ஆகக் கீழ்த்தட்டு லீக்கில், இது இரண்டாவது வருடம். பந்தைப் பிடிப்பதில் குறையில்லை. மட்டைதான் சில வாரங்களாகப் பேசவில்லை.

கோச் ஃபாலன் ஒருவனை மேல் அணிக்கு அனுப்புவதென்றால் கதவைத் திறந்துபோட்டு, எல்லோர் காதிலும் விழும்படி கத்துவார். ஊருக்கு அனுப்புவதென்றால்தான் குரல் தாழும்.

“கதவைச் சாத்திட்டு உட்காருப்பா.”

சாத்தினான். உட்காரவில்லை. ஊர் பெட்ரோல் பங்கில் ‘என்னப்பா, அதுக்குள்ள வந்துட்டே?’ என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

“ஜார்ஜியா டீமுக்குப் போறே. மூணு மணிக்கு பஸ்.”

காதில் விழுந்தது மனசுக்குள் போக ஒரு கணம் ஆயிற்று. ஒரு படி மேலே! அப்படியென்றால் கதவை எதற்குச் சாத்தச் சொன்னார்?

“அங்க ஷார்ட்ஸ்டாப் இடத்துக்கு ஆள் வேணுமாம். இருந்தவனைக் காலையில வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.”

லேண்டன் மெல்ல உட்கார்ந்தான். அங்கே அந்த இடத்தில் ஆடுவது யார் என்று அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஃபாலன் தன் ஃபோனை மேஜைமேல் அவன் பக்கம் தள்ளினார்.

“வீட்டுக்கு நீ மொதல்ல பேசு. அம்மாவுக்கு நல்ல சேதி முன்னாடி போகட்டும், அப்புறம் நான் பேசிக்கறேன்னு சொல்லிட்டான் உங்கண்ணன்.”