நடைத்துணை

பார்வை போய்விட்ட சென்னியப்பனைத் தினமும் காலையில் பூங்காவுக்குக் கைபிடித்து அழைத்துப்போவது ஓர் இயந்திரம். கனடாவில் வேலை பார்க்கும் மகன் நவநீதன் வாங்கி அனுப்பியது. அதன் கை மனிதக் கைபோலவே வெதுவெதுப்பாக இருக்கும். நவநீதன் குரலிலேயே பேசி, வழியில் கண்டதையெல்லாம் அவருக்குச் சொல்லும்.

பங்குனி பிறந்திருந்தது. அன்று நவநீதனே பூங்காவுக்கு வந்தான். வாசலில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அப்பாவின் கையைத் தான் பிடித்துக்கொண்டான்.

"வேம்பு பூத்திருச்சு, வாசம் வருது" என்றார் அவர். "நேத்து அரசமரத்துல செவப்பாத் துளிர் வந்திருக்குதுன்னு சொன்னயே, விரிஞ்சிருச்சா?"

எந்த அரசமரத்தைக் கேட்கிறார் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"விரிஞ்சிருச்சுங்கப்பா."

அவர் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க அவனுக்குக் கூசியது.

"அப்பா, நான்தானுங்க. நெசமாலுமே வந்திருக்கறனுங்க."

"தினமும் அப்படித்தான கண்ணு சொல்ற" என்று சிரித்தபடி அவர் மேலே நடந்தார்.

அப்படிச் சொல்லும்படி இயந்திரத்தைப் பழக்கி வைத்தவனே அவன்தான். அவருடைய கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டான். கன்னத்து ஈரம் விரலில் பட்டதும் அவர் நின்றுவிட்டார். இரண்டு கைகளாலும் அவன் முகத்தைத் தடவிப் பார்த்தார்.

"சாமி, எப்ப வந்த?"

அலுவலக வேலையாக வந்து, திங்கட்கிழமையிலிருந்து அதே ஊரில் ஓட்டலில் தங்கியிருந்தவன், "இப்பத்தானுங்கப்பா" என்றான். அவரால் பார்க்க முடியாது என்று தெரிந்தும் தலையைக் குனிந்துகொண்டான்.