முகுந்தனின் தங்க மனசு

"ருமைசா, பிள்ளைக்குக் காய்ச்சலா? லீவு எடும்மா. உன் வேலையை நான் முடிச்சிடறேன் லா!"

எதிரே மடிக்கணினியோடு இருந்த விமலா, மென்பொருள் குழுத் தலைவர் முகுந்தனின் தங்க மனசைப் பார்த்து நெகிழ்ந்தாள். அவளுக்கும் அதே சிக்கல்தான். இன்றும் லீவு போட்டால் பதவி உயர்வு கைநழுவிவிடும்.

அவர் போனை வைத்ததும் மெல்லக் கேட்டாள். "குட்டிக்கும் காய்ச்சல். ரந்தாவ் டவுன் நர்சரியில எடுத்துக்க மாட்டாங்க. இன்னிக்கு மட்டும் நீங்க..."

"நீயே லீவு போட்டுடு. எனக்கு மீட்டிங் இருக்கு. 'பெண் ஊழியர்களுக்குத் தோள் கொடுப்போம்'னு நான்தான் பேசறேன்."

"அவ உங்களுக்கும் மகதானேங்க?"

சாப்பாட்டு மேசையின் மறுபக்கம் முகுந்தன் கேமராவுக்காகத் தலைவாரத் தொடங்கினான்.

விமலா குழந்தையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு கணவனிடம் பணிவாகக் கேட்டாள்.

"உங்க கம்பெனியில வேலை காலி இருக்கா, சார்?"