முதல் தண்ணீர்

தேயிலையின் உயிர் முதல் தண்ணீரில்தான் இருக்கிறது என்பது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வேயில் பெரிய கிராணி எனப்படும் தலைமை எழுத்தர் வைத்திலிங்கம் உலகுக்கு அருளிய உபதேசம். ஊலாங் தேயிலையில் முதலில் வடித்தது அவருக்கு. அதே இலையில் மறுபடி வெந்நீர் ஊற்றி வடித்தது, அவருக்குப் பின் சாப்பிடும் மனைவி பவுனம்மாளுக்கு.

அவள் இறந்த பதினாறாம் நாள், அந்த உபதேசம் அவரையே குத்தியது. தன் கையாலேயே முதல் தண்ணீரை வடித்து, அவள் படத்துக்குப் படைத்தார்.

"இருபது வருஷமா மிச்சத்தையே குடுத்தேன். இன்னிக்காவது நல்லதைக் குடிக்கட்டும்" என்று அழுதார்.

துக்கம் விசாரிக்க வந்திருந்த தேயிலைக்கடைச் சீன முதலாளி தவுக்கே கோப்பையை எட்டிப் பார்த்தார்.

"இது இலை கழுவுற தண்ணி லா, கிராணி. கீழ ஊத்தணும். ரெண்டாவதுலதான் ருசி. அம்மா இலை வாங்க வந்தப்பவே சொன்னேனே."

"அவ என்ன சொன்னா?"

"'ரெண்டாவதையே முதல்னு சொல்லி அவருக்குக் குடுத்துடுறேன். கழுவினதைக் கொட்ட மனசு வரல, அதை நான் குடிச்சுக்கிறேன்'னாங்க."

வைத்திலிங்கம் இரண்டாம் தண்ணீர் வடிக்கச் சமையற்கட்டுக்கு ஓடினார்.

இனி அதைக் குடிக்க ஆளில்லை என்று, இலையை அவர் சற்று முன்புதான் சாக்கடையில் கொட்டியிருந்தார்.