கற்றூண் படம்

"ஊரே மெச்சுற மனுஷனை இப்படிச் சந்தி சிரிக்க வைக்கறீங்களே, உங்களுக்கு யார் கொடுத்த உரிமை?"

அப்பொலோனியா போட்ட சத்தத்தில் அச்சுக்கூடத்தில் கை வேலையெல்லாம் நின்றுபோனது. நூரம்பர்க்கின் பெரிய செம்புப் பட்டறைக்காரர் லீன்ஹார்ட்டின் மனைவி அவள். கையில் நாலாக மடித்த ஒரு தாள்.

படம் செதுக்கும் குன்ஸுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. புனித வாரத்துக்கென்று இயேசுவின் பாடுகளைப் பன்னிரண்டு மரக்கட்டைகளில் செதுக்கி, படங்களை நேற்றுத்தான் விற்பனைக்கு வைத்திருந்தான்.

"என்னம்மா ஆச்சு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. ஆண்டவரைக் கற்றூண்ல கட்டிச் சாட்டையால அடிக்கிறானே ஒரு பாவி, அது என் வீட்டுக்காரர். சாட்சாத் அவரேதான்."

குன்ஸுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வேண்டாதவனை யூதாஸாக வரைந்து பழிதீர்க்கிற ஓவியர்கள் உண்டு. தன்னையும் அந்தக் கும்பலில் சேர்த்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"இங்க பாருங்கம்மா, நான் பாசெல் நகரத்துல இருந்து இந்த ஊருக்கு வந்தே மூணு மாசம்தான் ஆகுது. உங்க வீட்டுக்காரர் கறுப்பா சிவப்பான்னுகூட எனக்குத் தெரியாது."

"யாரும் சொல்லாம இப்படி வரைய வருமா? அவர் கோயில்ல முதல் வரிசையில உக்காருறவர். நற்கருணைப் பவனியில விதானம் பிடிக்கிறவர். சனிக்கிழமை ஃபிராங்க்ஃபர்ட் சந்தையில இருந்து திரும்பிடுவார். இது அவர் கண்ணுல பட்டா என்ன ஆகும் தெரியுமா?"

"வழக்குப் போடுவாரா? தாராளமா போடச் சொல்லுங்க."

அவள் தாளை இன்னொரு மடிப்பு மடித்தாள். "அதுக்குள்ள அந்த ஆளைக் கட்டையில இருந்து செதுக்கி எடுத்துடுங்க. வித்த படத்தையெல்லாம் நானே தேடி வாங்கிடறேன்."

"ஒரு கோட்டைக்கூடத் தொட மாட்டேன். ஆறு வாரம் கண்ணு பூத்துப்போக உக்காந்து செதுக்கினது. யாரோ ஒருத்தர் பவனியில விதானம் பிடிக்கிறார்னு அழிச்சிடுவேனா?"

"அழிச்சுத்தான் ஆகணும்."

குன்ஸ் அவள் கையிலிருந்த தாளை வெடுக்கென்று வாங்கி மேசைமேல் விரித்தான். "அடிக்கிறது மூணு பேர். இதுல எவன் உங்க வீட்டுக்காரர்? காட்டுங்க, பாத்துடுவோம்."

அவள் தயங்காமல் நடுவில் நிற்பவன்மேல் விரல் வைத்தாள். குன்ஸ் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"இவனா? ஓங்கின கை முகத்தையே மறைச்சிருக்கு. கண்ணும் தெரியல, மூக்கும் தெரியல. எதை வச்சு இவனைப் போய் உங்க வீட்டுக்காரர்ங்கறீங்க?"

அப்பொலோனியாவின் குரல் முதல் தடவையாக இறங்கியது.

"தரையில கிடந்து பாக்கறப்ப எனக்கு இவ்வளவுதாங்க தெரியும்."