பத்து பெல்லட் குறைவு

தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி ஒரு சத்தம். முப்பத்தெட்டு வருஷம் ஆயிற்று, இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

ரைபிள் க்ளப் செக்ரட்டரியின் கண்ணாடி மேஜைமேல், பல் டாக்டரம்மா ஒரு டப்பா பெல்லட்டை, ஏர் ரைபிளில் போடுகிற பொடி ஈயக் குண்டுகளை, கவிழ்த்த சத்தம் அது.

"எண்ணுங்க சார். டப்பா மேல ஐந்நூறுன்னு போட்டிருக்கு. ரெண்டு தடவை எண்ணிட்டேன். நானூத்தித் தொண்ணூறுதான்."

ஏர் ரைபிளில் டாக்டரம்மாதான் எங்கள் க்ளப்பின் முதல் ஆள். அவர் குரல் உயர்ந்தால் செக்ரட்டரி, பல் பிடுங்க உட்கார்ந்தவர் மாதிரி நாற்காலிக் கையை இறுக்கிக்கொள்வார்.

"எனக்கு மட்டும் இல்ல சார். எல்லாருக்கும் டப்பா ஒட்டுநாடா பிரிஞ்சுதான் வருது. ஸ்டோர்ல கேளுங்க."

ஸ்டோர் அக்கா ஏற்கெனவே கதவருகில் வந்து நின்றிருந்தாள். டாக்டரம்மாவைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் எல்லோருக்கும் அவள் அக்காதான்.

"வாங்கறதும் நீ, குடுக்கறதும் நீ," என்றார் செக்ரட்டரி. "அந்தப் பத்து எங்கேம்மா போச்சு?"

"ரைபிள்ல போட்டுப் பார்த்தேன் சார்."

"யாரோட ரைபிள்ல?"

"எல்லாரோடதுலயும்தான். காலையில கதவு திறக்கறதுக்கு முன்னாடி."

செக்ரட்டரி என் பக்கம் திரும்பினார். நான் அங்கே டைப்பிஸ்ட். "வேலையை விட்டு நிறுத்தற கடிதம்மா. ஆரம்பி."

தாளைச் செருகினேன். என் விரல்தான் வரமாட்டேன் என்றது.

"சாவி கையில இருக்குன்னு ஊரார் ரைபிளை எடுத்து விளையாடியிருக்கே!"

"விளையாடல சார். மூணு வருஷம் முன்னாடி நீங்கதானே சொன்னீங்க? வெளிநாட்டு டப்பா கட்டுப்படியாகாது, விலை குறைஞ்சதா வாங்கு, ஆனா ஒருத்தரும் குறை சொல்லக் கூடாதுன்னு."

"சொன்னேன். அதுக்கு?"

"விலை குறைஞ்சதுல அதான் சார் தொல்லை. கம்பெனி ஒண்ணு, விலை ஒண்ணு, மூடி கூட ஒண்ணு. அடியில இருக்கற லாட் நம்பர் மாறினா குணம் மாறிடும். ஒருத்தர் ரைபிளுக்கு ஒத்துக்கறது இன்னொருத்தருக்கு ஒத்துக்காது. செருப்பு மாதிரி. கடிக்குதா இல்லையான்னு போட்டுப் பார்த்தாதான் தெரியும்."

"அதனால?"

"அஞ்சு போட்டுப் பார்ப்பேன். அஞ்சும் ஒரே ஓட்டையில போச்சுன்னா டப்பா அந்த ரைபிள்காரருக்கு. சிதறினா அடுத்த ரைபிள். இந்த டப்பா போஸ்ட்மாஸ்டர் ரைபிள்ல சிதறிடுச்சு. டாக்டரம்மாவோடதுல ஒட்டிக்கிச்சு. அஞ்சும் அஞ்சும் பத்து."

டாக்டரம்மாவின் முகம் கொஞ்சம் மாறியது. விலை மலிந்த பெல்லட்டிலும் தன் ஸ்கோர் இறங்கவில்லை, எல்லாம் கைராசி என்று அவர் பீற்றிக்கொள்ளாத இடமில்லை.

"அத்தாட்சி இருக்கா?" என்றார், குரலை இறக்கி.

அக்கா ஸ்டோருக்குப் போய் ஒரு தடித்த ஃபைலோடு வந்தாள். உள்ளே நூற்றுக்கணக்கில் இலக்கு அட்டைகள். ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலில் யார் ரைபிள், எந்த லாட். சிலவற்றில் அம்மைத் தழும்பு மாதிரி ஐந்து ஓட்டை. மற்றவற்றில் நட்டநடுவே ஒன்றே ஒன்று, சட்டைப் பொத்தான் அளவுக்கு.

செக்ரட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாமே?"

"சொன்னா கமிட்டி போடுவீங்க சார்."

சிரித்துவிட்டார். "டைப் பண்ண வேண்டாம்மா, விடு."

ஆனால் டாக்டரம்மா கையிலிருந்த அட்டையைக் கீழே வைக்கவில்லை.

"வைஸ் எங்கே வச்சிருக்கே?"

"எந்த வைஸ் டாக்டரம்மா?"

"ரைபிள் அசையாம இறுக்கிப் பிடிக்கறது. பெல்லட்டை அதுல வச்சுத்தானே சோதிப்பாங்க?"

"அப்படி ஒண்ணு இருக்கா? எனக்குத் தெரியாதே. நான் உங்களை மாதிரி நின்னுக்கிட்டு, கையிலதான்."

டாக்டரம்மா அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"கை ஆடாதா?"

"ஆடக் கூடாதே. நம்ம கை ஆடினா, பாவம், பெல்லட் மேலதானே பழி விழும்?"

"இதெல்லாம் எவ்வளவு ஸ்கோர் வருதுன்னு பார்த்திருக்கியா?"

"இல்ல. ஓட்டை ஒண்ணா, ரெண்டா, அவ்வளவுதான் பார்ப்பேன்."

டாக்டரம்மா கைப்பையைத் திறந்தார். போன போட்டியில் பதக்கம் வாங்கித் தந்த அட்டை, பார்க்கிறவர்களுக்கெல்லாம் காட்டுவதற்காக அதிலேயே வைத்திருப்பார். எடுத்து, அக்காவின் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு தன்னுடையதை இரண்டாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அந்தத் தாளை வீணாக்காதேம்மா," என்றார் என்னிடம். "அடுத்த மாசப் போட்டிக்கு எங்க க்ளப்லேருந்து இன்னொருத்தரும் வர்றாங்கன்னு அடி."

செக்ரட்டரி பதறினார். "ஊழியர்கள் கலந்துக்க விதியில இடமில்லையே!"

"விதியை மாத்துங்க. முடியாதுன்னா நானும் போகல."

"ஐயோ, எனக்கு எதுக்கு டாக்டரம்மா?" என்றாள் அக்கா. "டப்பாவெல்லாம் யார் பார்க்கறது?"

"ஒரு மாசம் நான் பார்க்கறேன். வாயை மூடிக்கிட்டு உனக்கொரு ரைபிளைப் பொறுக்கு."

டாக்டரம்மா வாயை மூடச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

விதி மாறியது. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். போட்டியில் டாக்டரம்மா இரண்டாவதாக வந்தார்.

ஸ்டோர் அக்கா அதற்கப்புறம் பதினோரு வருஷம் தேசிய அணியில் இருந்தாள்.