மூன்றாவது வரிசைக்காரர்

பொம்மையை ஆட்டிக்கொண்டே, கறுப்பு முகத்திரைக்குள்ளிருந்து சுந்தரவல்லி மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். அந்த ஆள் வந்திருந்தார்.

அதே பழுப்பு ஸ்வெட்டர். மடியில் அதே நீள நோட்டு.

ஹைதராபாத்தில் பார்த்தபோது யாரோ நாடகப் பைத்தியம் என்று நினைத்தாள். நாக்பூரில் பார்த்ததும் லேசாக உறுத்தியது. போபாலிலும் அதே ஆள். ஒரு பொம்மலாட்டத்துக்காக ஊர் ஊராக ரயிலேறி யார் வருவார்கள்?

போபாலில் இரண்டாவது காட்சியை நிறுத்திவிட்டார்கள். பெரியவர்களுக்கு மட்டும் என்று போர்டு வைத்து ஆபாசம் காட்டுவதாக யாரோ பெயர் போடாமல் புகார் எழுதியிருந்தார்கள்.

ஆபாசம் ஒன்றுமில்லை. நூல் மில் விடுதியில் இறந்துகிடந்த ஒரு பெண்ணின் கதை. குழந்தைகள் பயப்படும் என்றுதான் அந்த போர்டு. பேப்பரில் வந்த செய்தியை எடுத்துக்கொண்டு, பெயரையும் ஊரையும் மாற்றியிருந்தாள் சுந்தரவல்லி. முகத்தை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. பேப்பரில் இருந்த போட்டோவைப் பார்த்தே பொம்மையைச் செய்தாள்.

"மில்காரன் அனுப்புன ஆளுதான். சந்தேகமே வேணாம்" என்று காலையிலேயே சொல்லியிருந்தான் மூக்கன்.

குழுவில் அவர்கள் இரண்டு பேர்தான். பொம்மையின் தலையையும் இடது கையையும் மூக்கன் ஆட்டுவான். உடம்பையும் வலது கையையும் சுந்தரவல்லி. டெல்லியிலும் புகார் போனால் அடுத்து எந்த ஊரிலும் அரங்கம் தரமாட்டார்கள்.

பொம்மை மேஜையில் உட்கார்ந்து, மில்லில் நடப்பதையெல்லாம் கடிதமாக எழுதும் கட்டம் வந்தது. அரங்கத்தில் செருமல்கூட இல்லை.

மூன்றாவது வரிசைக்காரர் குனிந்து ஏதோ எழுதினார்.

சுந்தரவல்லி அவரையே பார்த்தாள். பொம்மையின் வலது கை விரலிலிருந்து பேனா நழுவி விழப் பார்த்தது.

காட்சி முடிந்து விளக்கு போட்டதும், டெல்லிக் காட்சிகளை ஏற்பாடு செய்திருந்த ஜெயலட்சுமி மேடைக்குப் பின்னால் வந்தார். லோதி ரோட்டில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறவர்.

"பின்வாசல்ல ஒருத்தர் நிக்கறாரும்மா. கேட் காக்கற சௌகிதார் பையா போகச் சொல்லிப் பார்த்துட்டார், நகர மாட்டேங்கறார். அடுத்த ஷோ ஆறு மணிக்கு. ஜல்தி பேசி அனுப்பிடுங்க."

சுந்தரவல்லி பொம்மையைத் துணியால் மூடினாள். மூக்கன் அவளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டான்.

மூன்றாவது வரிசைக்காரர்தான். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கிட்டத்தில் பார்த்தபோது நினைத்ததைவிட வயதானவராக இருந்தார். டெல்லிக் குளிருக்கு அந்த ஸ்வெட்டர் போதவில்லை. உதடு வெடித்திருந்தது.

"யார் அனுப்பி வர்றீங்க? ஊர் ஊரா வந்து என்ன எழுதுறீங்க?" என்று கேட்டாள் சுந்தரவல்லி. கோபமாகக் கேட்க நினைத்தது, பயமாக வெளியே வந்தது.

அவர் நோட்டை நீட்டினார்.

மூக்கன் வாங்கப் போனான். அவர் அவனைத் தாண்டி அவளிடமே கொடுத்தார்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் பெரிய பெரிய எழுத்து. ஹைதராபாத் என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்தது. 'நடை சரி. சிரிப்பு சரி.' நாக்பூர். 'கோபம் வந்தால் கத்தமாட்டாள். பேச்சை நிறுத்திவிடுவாள்.' போபால். 'காதுக்குப் பின்னால் மச்சம் வைக்கவில்லை.' இன்றைய தேதிக்குக் கீழே ஒரே ஒரு வரி. மை சரியாகக் காயவில்லை. 'எழுதுகிற கை தப்பு.'

சுந்தரவல்லி நிமிர்ந்தாள்.

"அவ எடது கைக்காரிம்மா" என்றார் அவர், துணி மூடியிருந்த பொம்மையைப் பார்த்தபடி.

மூக்கன் மெல்ல விலகி நின்றான்.

போட்டோவில் கைகள் தெரியவில்லை. செய்தியிலும் அது இல்லை. பெற்றவர்கள் பேச மறுத்துவிட்டதாக மட்டும் கடைசி வரியில் போட்டிருந்தார்கள்.

பேச மறுத்தவர்களைப் பற்றி எதுவும் தெரியாததால், நாடகத்துக்கு ஒரு அப்பாவை சுந்தரவல்லியே கற்பனை செய்து சேர்த்திருந்தாள். மில்லிலிருந்து தப்பி ஓடிவரும் மகளை அடித்து, தலைமுடியைப் பிடித்து இழுத்துப்போய் மறுபடியும் பஸ் ஏற்றிவிடுகிற அப்பா. எந்த ஊரில் போட்டாலும் அந்தக் கட்டத்தில் யாராவது அந்த அப்பாவை வாய்விட்டுத் திட்டுவார்கள். இன்றைக்கும் முன்வரிசையில் ஒரு பெண் திட்டினாள்.

நான்கு ஊர்களிலும் அவளைப் பெற்றவர் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

அவள் முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் தேடினாள். மச்சம் இருந்தது, நடை இருந்தது, பொட்டின் நிறம்கூட இருந்தது. அந்த அப்பாவைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை.

நோட்டை மூடினாள்.

"ஐயா, அந்த அப்பா கட்டம்... அது நாங்களா சேர்த்தது. எடுத்துடுறோம். இன்னிக்கு ஆறு மணி ஷோவிலேயே எடுத்துடுறோம்."

அவர் நோட்டைத் திரும்ப வாங்கி, கசங்கிய ஓரத்தை நீவிவிட்டார்.

பிறகு, "அது இருக்கட்டும்மா. அது சரியாத்தான் இருக்கு" என்றார்.